ஆசாரிக்கு ஒரு தாள், வீட்டுக்காரருக்கு ஒரு தாள்

தனியாக நான் எடுத்துச் செய்த முதல் வேலை ஒரு புத்தக அலமாரி. குழந்தைகள் அறைக்கு. உயரம் 1500 மில்லிமீட்டர், அகலம் 900, ஆழம் 300. அடித்தட்டில் பொம்மைகளைப் போட்டு வைக்க இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை வீட்டுக்காரம்மா முன்பே வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் 431 அகலம். கணினியில் 18 மி.மீ. பிளைவுட் என்று போட்டு வரைந்தேன். இரண்டு பக்கப் பலகைகள் போக உள்ளே 864 வந்தது. பெட்டிகள் சேர்ந்து 862. அடங்கிவிடும் என்று தாளை அச்செடுத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆசாரி தாளில் இருந்ததை அப்படியே செய்தார். வெளி அகலம் 900, ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பெட்டிகள்தான் நுழையவில்லை. பலகையின் இரு முகத்திலும் 1 மி.மீ. மைக்கா ஒட்டியதும் 18 என்பது 20 ஆகிவிட்டது. உள் அகலம் 860-க்கு இறங்கிவிட்டது. "மைக்கா ஒட்டணும்னு எனக்குத் தெரியும் தம்பி. உள்ள பெட்டி வைக்கணும்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். நான் கொடுத்த தாளில் பெட்டி இல்லை. என் மனசில் மட்டும்தான் இருந்தது. தட்டுகளையும் பின்பலகையையும் புதிதாக வெட்டி, என் செலவில் 910 அகலத்துக்குத் திரும்பச் செய்து கொடுத்தோம்.

அன்றிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும் மூலையில் பென்சிலால் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்கிறேன். இதை யார் பார்க்கப் போகிறார்? பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறார்? வடிவமைப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் "எனக்கு அழகா வரைய வராதே" என்று தயங்குகிறார்கள். அழகாக வரைவது பழகப் பழக வந்துவிடும். யாருக்காக வரைகிறோம் என்ற நினைப்புதான் தானாக வருவதில்லை. அதை வலிந்து பழக வேண்டியிருக்கிறது. அதே அலமாரியை வைத்து, மனசில் தோன்றுவதிலிருந்து ரம்பம் வரைக்கும் எந்தெந்தப் படங்கள் வேண்டும், எப்படி வரைவது என்று சொல்கிறேன். நாற்காலி, விளக்கு, கைப்பை என்று எதுவானாலும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

முதல் தாள்: இடமும் அளவும்

அளவெடுக்கப் போகும்போதே முதல் படத்தை வரைந்துவிடுங்கள். அறையின் அந்தச் சுவரைக் கையால் ஒரு கட்டமாகப் போட்டு, சுவிட்சு போர்டு, ஜன்னல், கதவு திறக்கும் பக்கம், தரையோரம் ஒட்டிய டைல்ஸ் பட்டை எல்லாவற்றையும் குறியுங்கள். அளவுகளைத் தனிப் பட்டியலாக எழுதாமல் படத்தின் மேலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் "1240" எதனுடைய அளவு என்று அப்போதுதான் தெரியும்.

சுவர்கள் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரு சுவர்களுக்கு நடுவே ஒரு பொருள் நிற்கப் போகிறதென்றால் அடியில், இடுப்புயரத்தில், தலைக்கு மேலே என மூன்று இடத்தில் டேப் வைத்து, மூன்றில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்னென்ன வைக்கப் போகிறார்கள் என்பதையும் அளந்து அதே தாளில் வரையுங்கள்: இருப்பதிலேயே உயரமான புத்தகம், ஃபைல், பெட்டி. நான் தவறவிட்டது இந்த வரியைத்தான். மாடிப்படியின் அகலத்தையும் திருப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்த பொருள் மேலே ஏற வேண்டுமே.

குட்டிப் படங்கள்

ஏ4 தாள் ஒன்றைப் பாதியாக மடித்து, அதை மறுபடி பாதியாக என்று நான்கு முறை மடித்துப் பிரித்தால் 16 கட்டங்கள் கிடைக்கும். கட்டத்துக்கு ஒரு யோசனை. பால்பாயிண்ட் பேனாவால் வரையுங்கள்; பென்சில் எடுத்தால் கை அழிப்பானைத் தேடும். இருபது நிமிடத்தில் 16 கட்டமும் நிறைய வேண்டும்.

இந்தத் தாள் உங்களுக்கு மட்டும். யாருக்கும் காட்டப் போவதில்லை. தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் கீல், கைப்பிடி போன்ற நுணுக்கங்களுக்கு இடமே இருக்காது. மொத்த உருவம் மட்டும்தான் கொள்ளும். இப்போதைக்கு அது போதும். முதல் நான்கைந்து படங்கள் கடையிலும் ஃபோனிலும் பார்த்தவையாகவே வரும். பரவாயில்லை, அவை வெளியே வந்தால்தான் அடுத்தவை வரும். எட்டாவது, ஒன்பதாவது கட்டத்தில் யோசனை வற்றியதுபோல் இருக்கும். அங்கே எழுந்துவிடாதீர்கள். எனக்கு உருப்படியான யோசனைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்திருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு சொல் எழுதிவையுங்கள்: "ஏணி மாதிரி", "அடியில் திறந்து", "மூலையில் உட்கார". ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கோட்டைவிட அந்தச் சொல்தான் நினைவூட்டும்.

கைக்குப் பயிற்சி வேண்டுமென்றால் தினம் பத்து நிமிடம் போதும். தாளில் இரண்டு புள்ளிகள் வைத்து, பேனா தாளில் படாமல் அவற்றுக்கிடையே இரண்டு மூன்று முறை கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். மணிக்கட்டைப் பூட்டிவைத்து முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் கையை அசையுங்கள். குட்டிக் குட்டியாகக் கோடு சேர்த்து ரோமம்போல வரையும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். அடுத்து பெட்டிகள்: ஒரு பக்கம் முழுக்க, ஒவ்வொன்றையும் வேறு கோணத்தில். அதற்கடுத்து வட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் நீள்வட்டம். டம்ளரின் வாயை மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து என்று பார்த்து வரையுங்கள். பெட்டியும் நீள்வட்டமும் கைக்கு வந்துவிட்டால் வீட்டிலிருக்கும் பெரும்பாலான பொருள்களை வரைந்துவிடலாம்.

வீட்டுக்காரருக்குக் காட்டும் படம்

16-இல் மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக வரையுங்கள். மூன்றுக்கு மேல் கொண்டுபோனால் "இதுல கால், அதுல தலை" என்று ஒட்டுப்போடச் சொல்வார்கள்; அவர்கள் மேல் தப்பில்லை, அத்தனையைப் பரப்பிவைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தப் படத்தைப் பார்க்கிறவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: இப்படி ஒன்று என் அறையில் நின்றால் எனக்குப் பிடிக்குமா? ஆகவே கண்ணுக்குத் தெரிவதுபோல வரைய வேண்டும். தாளின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போடுங்கள். அது பார்ப்பவரின் கண்மட்டம். அதன் இரு முனைகளிலும், முடிந்தால் தாளுக்கு வெளியே, ஒவ்வொரு புள்ளி. அலமாரியின் முன்முகக் கிடைக்கோடுகள் ஒரு புள்ளியை நோக்கியும், பக்கமுகக் கிடைக்கோடுகள் மற்றதை நோக்கியும் போகட்டும். செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கட்டும். புள்ளிகளை நெருக்கி வைத்தால் பொருள் முறுக்கிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். புதியவர்கள் படத்தில் "என்னவோ சரியில்லை" என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கண்மட்டத்தை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். நின்றுகொண்டிருக்கும் பெரியவரின் கண் சுமாராக 1500 மி.மீ. உயரத்தில் இருக்கும். நம் அலமாரியின் உயரமும் 1500. அப்படியானால் மேல்தட்டின் முகம் அவருக்குத் தெரியாது, ஒரு கோடாகத்தான் தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கோ கண் ஒரு மீட்டர் உயரத்தில். கீழிருந்து நான்காம் தட்டின் அடிப்பக்கம் தெரியும். குழந்தைகள் அறை என்பதால் இப்போதெல்லாம் இரண்டு உயரத்திலும் ஒவ்வொரு படம் வரைகிறேன். ஒரு தாய் அந்தக் குழந்தை உயரப் படத்தைப் பார்த்ததும், "அப்போ ரெண்டாவது தட்டுதான் அவனுக்குக் கை எட்டுமா?" என்று கேட்டார். தட்டுகளின் வரிசையே அந்தக் கேள்வியில் மாறிப்போனது.

பக்கத்தில் ஒரு மனித உருவம் கட்டாயம் வேண்டும். முகம், விரல் எதுவும் வேண்டாம், நிற்கும் உருவமாக இருந்தால் போதும். தட்டில் நாலு புத்தகங்கள். வெளி விளிம்பைத் தடிமனாகவும் உள்கோடுகளை மெல்லியதாகவும் போட்டு, ஒரு பக்கத்துக்கு மட்டும் சாம்பல் நிற மார்க்கர் தடவுங்கள். வண்ணம் போட வேண்டாம். முதல் நாளே பளபளவென்று கணினியில் செய்த படத்தைக் காட்டினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பேச்சு நேராக நிறத்துக்குப் போய்விடும். தட்டுகளின் உயரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கையால் வரைந்த படத்தின் மேல் கை வைக்க மக்கள் கூச்சப்படுவதில்லை. பேனாவை அவர்களிடமே கொடுத்து அந்தத் தாளிலேயே கிறுக்கச் சொல்லுங்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த நேரம் அது.

பேசி முடித்ததும், கிளம்பும் முன் மாஸ்கிங் டேப்பால் சுவரில் 910-க்கு 1500 என்று ஒட்டி, தரையில் 300 ஆழத்தையும் ஒட்டிக் காட்டுங்கள். பத்து நிமிட வேலை. கதவு இடிக்குமா, கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்க இடம் இருக்குமா என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது.

ஆசாரியின் தாள்

வீட்டுக்காரருக்குப் பிடித்த அந்தச் சாய்வுப் படத்தை வைத்து ஒரு பலகைகூட வெட்ட முடியாது. அதில் எந்தக் கோடும் உண்மையான நீளத்தில் இல்லை. வெட்டுகிறவருக்கு முன்பக்கம், மேலிருந்து, பக்கத்திலிருந்து என்று நேருக்கு நேராகப் பார்த்த மூன்று படங்கள் வேண்டும்.

இந்த முறையை ஒரு கணிதமாகவே ஒழுங்குபடுத்தியவர் காஸ்பர் மோன்ஜ். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிரான்ஸில் மெஸியேர் ஊரிலிருந்த இராணுவப் பொறியியல் பள்ளியில் இருந்தார். எதிரி எங்கிருந்து சுட்டாலும் உள்ளே இருப்பவர்கள் மேல் படாதபடி கோட்டைச் சுவரை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை அதுவரை நீண்ட எண்கணக்காகப் போட்டு வந்தார்கள். அவர் வரைந்தே விடை கண்டார். அதைப் பல ஆண்டுகள் இராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். 1795இல்தான் பாரிஸில் பொது வகுப்பில் கற்றுக்கொடுத்தார், 1799இல் தனிப் புத்தகமாக வந்தது. நாம் பட்டறைக்கு எடுத்துப்போகும் தாளுக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

மூன்று படங்களையும் எங்கே வைப்பது என்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இந்தியாவில் முதல் கோண முறை: முன்தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றம், இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில். அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை; அங்கே மேல்தோற்றம் மேலேயே இருக்கும். மென்பொருளின் தாள் வார்ப்பு (டெம்ப்ளேட்) அமெரிக்க வழக்கப்படி அமைந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே படங்கள் இடம் மாறியிருக்கும். அலமாரிக்கு அதனால் பெரிய கெடுதி இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட வேண்டிய பொருளாக இருந்தால் ஓட்டை எதிர்ப்பக்கம் விழும். எது என்று தாளில் எழுதிவிடுங்கள்.

1:10 அளவில் வரைந்தால் நம் அலமாரி தாளில் 91-க்கு 150 மி.மீ.; மூன்று தோற்றங்களும் ஒரு ஏ4-இல் அடங்கும். விளிம்புகளுக்குத் தடித்த கோடு, அளவுக்கோடுகளுக்கு அதில் பாதித் தடிமன். பின்னால் மறைந்திருப்பதற்கு விட்டுவிட்டுப் போடும் கோடு. உள்ளே வரப்போகும் பெட்டிகளையும் மெல்லிய கோட்டில் வரைந்து "பெட்டி 2, ஒவ்வொன்றும் 431" என்று எழுதுங்கள்.

அளவு எழுதுவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தட்டுகளின் இடைவெளி கீழிருந்து 350, 350, 310, 310. அடித்தட்டுக்குக் கீழே தரையோரம் வரும் கால்பட்டை 80. மைக்காவோடு சேர்ந்து ஒவ்வொரு தட்டும் 20. மொத்தம் 1500, கணக்கு சரிதான். ஆனால் இப்படி இடைவெளிகளை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஆசாரி ஒவ்வொரு தட்டையும் அதற்குக் கீழுள்ள தட்டிலிருந்து அளந்து குறிப்பார். ஒவ்வொரு முறையும் 1 மி.மீ. கூடினால் மேலே போகப்போகச் சேர்ந்துகொண்டே போகும். அதற்குப் பதில் எல்லாவற்றையும் தரையிலிருந்தே கொடுங்கள். தட்டுகளின் மேல்முகம் தரையிலிருந்து 100, 470, 840, 1170, 1500. டேப்பை ஒரு முறை அடியில் வைத்து ஐந்து இடத்திலும் கோடு போட்டுவிடலாம். ஒரு கோடு பிசகினாலும் மற்ற நான்கும் பிசகாது.

ஒரே அளவை இரண்டு இடத்தில் எழுத வேண்டாம். பிற்பாடு ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவீர்கள். அதேபோல, பட்டறையில் யாரையும் கழித்தல் கணக்குப் போட வைக்கக் கூடாது. உள் அகலம் முக்கியமென்றால் "உள் அகலம் 870, மைக்கா ஒட்டிய பிறகு" என்று நேரடியாக எழுதுங்கள். அந்த "ஒட்டிய பிறகு" என்ற இரண்டு சொற்கள் இருந்திருந்தால் என் முதல் அலமாரியைப் பிரித்திருக்க வேண்டாம்.

அப்புறம் நூல். நம் ஊர்ப் பட்டறைகளில் பலர் இன்றும் அடி, இஞ்ச், நூல் கணக்கில்தான் கை வைக்கிறார்கள். ஓர் இஞ்ச்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். நீங்கள் 870 என்று எழுதுவது அவர் டேப்பில் 2 அடி 10 இஞ்ச் 2 நூல். இது ஏறக்குறைய அச்சாகப் பொருந்துகிறது. 310 அப்படிப் பொருந்தாது. ஓரடிக்கு மேல் ஒன்றரை நூலுக்கும் இரண்டு நூலுக்கும் நடுவில் எங்கோ விழும். கண்ணால் பார்த்து ஒரு பக்கம் தள்ளுவார், நியாயம்தான். அதனால் வரையத் தொடங்கும் முன்பே டேப்பின் எந்தப் பக்கத்தைப் பார்த்து வேலை செய்வார் என்று கேட்டுவிடுங்கள். இஞ்ச் என்றால் முதலிலிருந்தே இஞ்ச் கணக்கில் வடிவமையுங்கள். கடைசியில் மாற்றி எழுதினால் எல்லா எண்ணும் பின்னமாகிவிடும்.

கணினிக்குப் போகும் நேரம்

கவனித்திருப்பீர்கள், இதுவரை எதற்கும் கணினி தேவைப்படவில்லை. அளவுகள் ஓரளவு நிலைத்த பிறகு உட்கார்ந்தால் போதும். அதற்குமுன் உட்கார்ந்தால், எந்த வடிவம் நல்லது என்பதை மறந்து, எந்த வடிவம் மென்பொருளில் சுலபமாக வருகிறதோ அதையே வரையத் தொடங்கிவிடுவோம். அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வர எனக்கு நாளானது.

எதில் தொடங்குவது? மரச்சாமான் என்றால் ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு பிரவுசரிலேயே ஓடும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஆனால் அளவுகளோடு தாள் தயாரிக்கும் வசதி அதில் கிடையாது. ஃப்ரீகேட் முழுக்க இலவசம். பழக நாளாகும் என்றாலும் தாள் வரைக்கும் எல்லாம் அதிலேயே முடியும். ஃப்யூஷனைச் சொந்த உபயோகத்துக்குச் சில கட்டுப்பாடுகளோடு இலவசமாகத் தருகிறார்கள். பிளெண்டர் பொருளைப் புகைப்படம்போலக் காட்டுவதற்கு அருமையானது, ஆசாரிக்கான தாளுக்கு ஏற்றதல்ல. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் அதிலேயே இருங்கள்.

எதுவானாலும் அலகை மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் முதல் கோடு. ஒவ்வொரு பலகையையும் தனிப் பாகமாகச் செய்து பெயர் வையுங்கள்: "பக்கப் பலகை இடது", "தட்டு 3". ஒரே மாதிரி ஐந்து தட்டுகள் இருந்தால் ஒன்றைச் செய்து அதையே நகலெடுங்கள். ஸ்கெட்ச்அப்பில் காம்பொனென்ட் ஆக்கிவிட்டால் ஒன்றைத் திருத்தினால் ஐந்தும் திருந்தும்.

இதைவிடப் பெரிய வசதி ஃப்ரீகேட், ஃப்யூஷன் போன்றவற்றில் இருக்கிறது. எண்களுக்குப் பதில் உறவுகளைச் சொல்லலாம். பிளைவுட் 18, மைக்கா 1 என்று இரண்டு பெயர்களை வைத்து, பலகை என்பது பிளைவுட்டோடு இரண்டு மைக்கா. உள் அகலம் என்பது இரண்டு பெட்டியும் 8 மி.மீ. தாராளமும், வெளி அகலம் என்பது உள் அகலத்தோடு இரண்டு பலகை என்று எழுதிவிட்டால் 870-உம் 910-உம் தாமாக வரும். கடையில் 18 கிடைக்காமல் 19 மி.மீ. பிளைவுட் வந்தால் ஓர் எண்ணை மாற்றுங்கள், வெளி அகலம் 912 என்று ஆகும், பெட்டி அப்போதும் நுழையும். இந்த எண்ணத்தின் வேர் 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாந்து செய்த ஸ்கெட்ச்பேட் நிரலில் இருக்கிறது. திரையில் ஒளிப்பேனாவால் கோடுகளை இழுத்து, இவை இரண்டும் இணை, இவை சம நீளம் என்று சொன்னால் கணினி அப்படியே சரிசெய்து கொடுத்தது. கணினியில் வரைவது என்ற துறையின் தொடக்கத்திலேயே கோட்டோடு கோட்டின் உறவையும் சொல்லிவிட முடிந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

மைக்காவின் நிறம், மர ரேகை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் பளபளப்பான படத்தைச் செய்து காட்டுங்கள். கூடவே கடையிலிருந்து மைக்கா துண்டையும் எடுத்துப் போங்கள். திரையில் தெரியும் நிறத்தை நம்பி யாரையும் முடிவெடுக்க விடாதீர்கள்.

வெட்டுப் பட்டியலும் ஷீட்டும்

பிளைவுட் கடைக்கும் ரம்பத்துக்கும் போகும் தாள் இது. நம் அலமாரிக்கு:

18 மி.மீ. பிளைவுட்
பக்கப் பலகை: 2, 1500 × 300
தட்டு: 5, 870 × 300
கால்பட்டை: 1, 870 × 80

6 மி.மீ. பிளைவுட்
பின்பலகை: 1, 1420 × 910 (பின்னாலிருந்து அடிப்பது)

ரேகை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறியாகப் போடுங்கள். பிறகு 2440-க்கு 1220 ஷீட்டைக் கட்டமாக வரைந்து, துண்டுகளை அதில் அடுக்கிப் பாருங்கள். 300 அகலத்தில் நீளவாக்கில் நான்கு பட்டைகள். முதல் இரண்டில் ஒவ்வொரு பக்கப் பலகையும் ஒரு தட்டும், மூன்றாவதில் இரண்டு தட்டுகள், நான்காவதில் ஒரு தட்டும் கால்பட்டையும். 18 மி.மீ. முழுவதும் ஒரே ஷீட்டில் முடிந்தது.

இங்கே ஒரு சங்கதி. ஆழம் 300 என்பதை "ஓரடியாவே வச்சுக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். நாலடி ஷீட்டில் ஓரடிப் பட்டை நான்கு வரும் என்றுதான் எவருக்கும் தோன்றும். வராது. நான்கு பட்டைக்கு மூன்று வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும். ஓரடி என்பது 304.8, நான்கு சேர்ந்து 1219.2. ரம்பத்துக்கு 9 மி.மீ. எங்கிருந்து வரும்? அந்த ஐந்து மில்லிமீட்டர் ஆசைக்கு இன்னொரு ஷீட் வாங்க வேண்டியிருக்கும். சி.என்.சி.யில், அதாவது கணினி ஓட்டும் வெட்டு இயந்திரத்தில், வெட்டினால் கருவி இதைவிட அதிகமாகத் தின்னும், அங்கே வெட்டுகிறவரிடம் முதலில் கேளுங்கள். எவ்வளவு அழகான முப்பரிமாணப் படமும் இதைச் சொல்லாது. ஷீட்டை வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

அனுப்புவது

கோப்பு யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் வகை மாறும். மனிதர்கள் பார்க்க பி.டி.எஃப். லேசர், சி.என்.சி. போன்ற தட்டையான வெட்டுக்கு டி.எக்ஸ்.எஃப். 3டி பிரிண்டருக்கு எஸ்.டி.எல். வேறு மென்பொருளில் திறந்து வேலை செய்கிறவருக்கு ஸ்டெப். எதைக் கேட்கிறார்களோ அதோடு பி.டி.எஃப்-உம் சேர்த்து அனுப்புங்கள். கோப்பு தப்பாகத் திறந்தாலும் எப்படி இருக்க வேண்டும் என்பதை அது காட்டும்.

வாட்ஸ்அப்பில் தாளைப் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிப்போய் 370 என்பது 870 மாதிரித் தெரியும். டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள். அச்செடுக்கும்போது தாளுக்குப் பொருத்து என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைப் போட்டு "100" என்று எழுதிவிட்டால், அச்சில் வந்ததை ஸ்கேல் வைத்துப் பார்த்து அளவு மாறியிருக்கிறதா என்று யாரும் சொல்லிவிடலாம். மூலைச் சேர்ப்பைப் போன்ற நுணுக்கத்தை 1:1-இல் அச்செடுத்துக் கொடுப்பதென்றால் இந்தக் கோடு இல்லாமல் கொடுக்கவே கூடாது.

வலது கீழ்மூலையில் பொருளின் பெயர், தேதி, திருத்த எண். முதல் தாள் தி1, மாற்றியது தி2. கோப்பின் பெயரிலும் அதே எண். "ஃபைனல்", "புது ஃபைனல்" என்றெல்லாம் வைத்தால் மூன்றாம் நாள் உங்களுக்கே தெரியாது.

பட்டறையில்

தாளைக் கொடுத்துவிட்டு "புரிஞ்சுதாண்ணே?" என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் பதில் வரும். "எதுலேருந்து ஆரம்பிப்பீங்க, கொஞ்சம் சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். தாளில் விரலை வைத்து அவர் சொல்லிக்கொண்டே போவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே உங்கள் படத்தில் ஏதோ குறை. ஒரு முறை கால்பட்டையில் விரல் நின்றது. முன்விளிம்புக்குச் சமமாக வைப்பதா, கொஞ்சம் உள்ளே தள்ளுவதா என்று நான் எங்கும் காட்டவில்லை. அவர் கழிவு பிளைவுட் துண்டை எடுத்து, காதிலிருந்த பென்சிலால் பக்கவாட்டு வெட்டுத்தோற்றத்தை வரைந்து, இரண்டு இஞ்ச் உள்ளே தள்ளிக் காட்டினார். நின்று புத்தகம் எடுக்கும்போது கால்விரல் இடிக்காமல் இருக்க அந்த இடம் வேண்டும் என்றார்.

அந்தப் பலகைத் துண்டை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு வந்து அதே வெட்டுத்தோற்றத்தை என் தாளில் சேர்த்து, 50 என்று அளவு எழுதி, தி2 என்று மாற்றி, மறுநாள் காலை அவர் ரம்பத்தைப் போடும் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த தி1-ஐக் கிழித்து எடுத்துக்கொண்ட பிறகுதான் பட்டறையை விட்டு வந்தேன்.